கேட் பாஸ் இல்லாத சைக்கிள்

அந்த சைக்கிள் என்னுடையது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், ஒரு கம்பெனியின் செக்யூரிட்டி ரூமில் உட்கார்ந்து, 'இந்தப் பொருளுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். எனக்குத் தெரிந்த எழுத்தே என் பெயரின் நான்கு எழுத்துதான். வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தபோது கற்றுக்கொண்டது. அந்த நான்கையும் கொண்டுபோய் ஒரு பொய்க்குக் கீழே வைத்தேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவள் புருஷன் வருகிற இடங்களில் பேனா நின்று நின்று போகிறது. போகட்டும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, ஒரு வார்த்தை குறைந்தாலும் விடமாட்டேன்.

எங்கள் வீடு வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்டு ஆறு ரூம் கட்டி, கம்பெனி வேலைக்கு வருகிற தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பால் வாங்கிக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஐந்தாறு பட்டணத்து ஆட்கள் ரேஸ் சைக்கிளில் வந்தார்கள். உடம்போடு ஒட்டின சட்டை, தலையில் தர்பூசணித் தோலைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி. "தாத்தா, ஓரம் ஓரம்!" என்று ஒருவன் கத்தினான். நான் ஓரத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. லாரிக்கு அடியில் டிரைவர்கள் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் ஓரம் என்றால் கால்வாயில்தான் இறங்க வேண்டும். இறங்கினேன். பால் பாக்கெட் ஒன்று உடைந்து வேட்டியெல்லாம் பால். அந்த ரோட்டுக்கு ஜல்லி கொட்டியபோது, ஜல்லி திருடு போகாமல் காவல் காத்தவன் நான். என்னை ஓரம் போகச் சொல்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் ஏணி போட்டுப் பரண்மேல் ஏறினேன்.

"இன்னாப்பா பண்ற? விழுந்து வெக்கப் போற!" என்று மகள் கீழே நின்று கத்தினாள்.

"ஏணிய புடி. ரேஸ் சைக்கிள எறக்கறேன்."

"எத்தினி வருஷமா மேல கெடக்குது. இப்ப இன்னாத்துக்கு?"

"அடுத்த ஞாயித்துக்கெயம அவனுங்க வருவானுங்க. நான் அவனுங்களைத் தாண்டிப் போயி 'ஓரம்'னு சொல்லணும்."

அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

அந்த சைக்கிள் வந்த கதையைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு அது ஏதோ பழைய இரும்பு என்றுதான் தோன்றும். இளம் வயதில் நான் விடியற்காலையில் பால் கேன் ஏற்றிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போவேன். பட்டணத்துக்குப் போகிற முதல் ரயிலில் பால் ஏற வேண்டும். ரயில்வேயில் வேலை செய்த ஒருவர் அந்த நேரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ரேஸுக்குப் பழகுவார். அவரும் கருப்பு, அவர் சைக்கிளும் கருப்பு. பக்கத்தில் வந்து தாண்டிப் போகிறவரை ஆள் வருவதே தெரியாது. இரண்டு பெரிய கேன் கட்டிய சைக்கிளோடு நான் அவரைத் துரத்துவேன். ஒருநாள் நிறுத்தி, "ஏன்டா மூச்சு வாங்கற, கேன எறக்கி வெச்சுட்டு இத ஓட்டிப் பாரு" என்றார். ஓட்டிப் பார்த்தேன். அவருக்கு முட்டி தேய்ந்து ரேஸை விட்டபோது, ஒரு கிடேரிக் கன்றை விற்று நான் வாங்கினேன். என் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கன்று வளர்ந்தால் பால் கறக்கும், இது கறக்குமா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

வெளிநாட்டுக் குழாய். மூலைக்கு மூலை பித்தளை வைத்துப் பற்றவைத்த ஃப்ரேம். ஒரு விரலில் தூக்கலாம். ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில். பெடல் பக்கம் இரண்டு பல்சக்கரம், பின்னால் ஐந்து. காணும் பொங்கலுக்குப் பிள்ளைப்பாக்கத்தில் வைத்த பந்தயத்தில் அதில் ஒருமுறை முதலாவதாக வந்தேன். இன்னொரு முறையும் வந்திருப்பேன், ஓர் ஆடு குறுக்கே வந்துவிட்டது. அந்த ஆட்டுக்காரன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவன் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். பரணிலிருந்து இறக்கிய சைக்கிளில் நகர்ந்தது ஒன்றுமே இல்லை. செயின் துருப்பிடித்துக் கம்பியாகிவிட்டது. பிரேக் கட்டைகள் கல். உள்ளே ஒரு குளவி கூடு கட்டியிருந்தது. கிருஷ்ணாயில் இப்போது எங்கே கிடைக்கிறது? டீசல் வாங்கிவந்து, பழைய பெயின்ட் டப்பாவில் ஊற்றி, கழற்றியதையெல்லாம் ஊறப்போட்டேன். பால்ரஸ் குண்டுகளைத் தட்டில் கொட்டி ஒவ்வொன்றாக நகத்தில் உருட்டிப் பார்த்தேன். சொரசொரப்பானது ஒரு பக்கம், வழவழப்பானது ஒரு பக்கம். என் கண் மங்கல், நகம் மங்கவில்லை.

பெடல் அச்சு ஓடுகிற குழாயில் இரண்டு பக்கமும் கிண்ணம் மாதிரி மரை போட்ட மூடி இருக்கும். இடது பக்க மூடி எல்லா மரையும் போலக் கழலும். வலது பக்கத்து மூடி தலைகீழ். எல்லாரும் கழற்றுகிற பக்கம் திருகினால் அது இன்னும் இறுகும். இது தெரியாமல் எத்தனை ஃப்ரேமைப் பாழாக்கியிருக்கிறார்கள்! எங்கள் ரூமில் இருக்கிற பையன் ஒருவன், "தாத்தா, கம்பெனில காத்துல சுத்துத கன் இருக்கு, ரெண்டு நிமிசத்துல கழத்திரலாம்" என்றான். எட்டிப் போடா என்றேன். பதினோரு நாள் டீசல் விட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, மரச்சுத்தியால் தட்டித் தட்டி, பன்னிரண்டாம் நாள் அது 'கிணுக்' என்றது. அந்தச் சத்தத்துக்காகத் தெருவில் போகிறவனைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுக்கலாம். மரை பழுதில்லாமல், புதுசு மாதிரி இருந்தது.

அப்புறம் பெயின்ட். மேலே மேலே மூன்று பூச்சு இருந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். மூன்று வாரம். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. கடைசியில் வெறும் இரும்பு வெள்ளியாக மின்னியது. ஐப்பசி மாசம். வெறும் இரும்பை ஈரக்காற்றில் விட்டால் விடிவதற்குள் துரு பூக்கும். தேங்காய் எண்ணெய் தடவி, பழைய புடவையில் சுற்றி, என் கட்டில் பக்கத்தில் வைத்தேன்.

இப்போது மருமகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேனா நிற்கிறது பாருங்கள். எழுதும்மா.

அவர் எங்கள் ரூமில் வாடகைக்கு வந்தவர். திருநெல்வேலிப் பக்கம். கம்பெனியில் பெயின்ட் ஷாப். கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை, "டேய், தண்ணி வழிஞ்சிகினு கீது, மோட்டார நிறுத்துடா!" என்று அவரைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். தாலி கட்டின மறுநாள், "மாப்ள, மோட்டார நிறுத்திடுங்களேன்" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் மகனைச் செருப்பால் அடிக்கலாம், மாப்பிள்ளையை 'டா' போட முடியாது. போட்டால் சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வரும். அதற்கு முன்னால் என் மகளே வருவாள்.

அவர் கெட்டவர் இல்லை. அந்த சைக்கிளுக்கு ஒல்லி டயர் எந்தக் கடையிலும் கிடைக்காமல், போனில் தேடி வரவழைத்துக் கொடுத்தவர் அவர்தான். ஏழு வருஷமாகக் காண்ட்ராக்டில் இருந்தார். அந்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட் வரப்போகிறது, அதில் பெயர் இருக்கிறது என்று சூப்பர்வைசரே சொல்லியிருந்தார்.

ஒரு சாயங்காலம் வந்து, புடவையைப் பிரித்து ஃப்ரேமைத் தடவிப் பார்த்தார்.

"மாமா, பிரஷ்ல அடிக்கப் போறியளா?"

"ஆமா மாப்ள. வேற இன்னா பண்றது?"

"பாவம்லா இது. ஒரு நாள் தாங்க. கலர் மாத்துத நேரம் லைன்ல அஞ்சு கொக்கி சும்மா போகும். ஒண்ணுல தொங்கவிட்டு, ஓவன்ல வெந்து வந்துரும். கார் மாதிரி மின்னும். ஆணி வச்சுக் கீறுனாலும் போவாது."

"அத்த உள்ள எப்டி கொண்டும் போவீங்க?"

"கம்பெனி பஸ்ல. உள்ள போறத எவன் பாக்கான்?"

இந்த இடத்தில்தான் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். பதினைந்து வருஷம் வேறொரு கம்பெனி கேட்டில் நின்றவன் நான். உள்ளே போகிற பொருளை எவனும் பார்க்கமாட்டான், வெளியே வருகிற பொருளைத்தான் பார்ப்பான். அதனால் வீட்டுப் பொருள் ஏதாவது உள்ளே போனால் முதலில் நோட்டில் எழுதி, திரும்பி வருகிற பொருள் என்று ஒரு சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சீட்டு இல்லையென்றால், உன் பொருளே ஆனாலும் வெளியே வரும்போது அது கம்பெனிப் பொருள். உன் சட்டையே ஆனாலும். இதை நான் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! அந்த வாயால் நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"இன்னா கலரு போடுவாங்க?" என்று கேட்டேன்.

கார் மாதிரி மின்னும் என்றாரே, அது என் கண்ணைக் கட்டிவிட்டது. "வெளிய வரும்போது?" என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்டேன். "செக்யூரிட்டி நம்ம ஆளுதான் மாமா, டெய்லி டீ வாங்கித் தாறேன்" என்றார். சரி என்றேன். நானே சாக்கில் கட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் அவருக்குக் காலை ஷிஃப்ட். மூன்று மணிக்கு வீட்டுக்கு வர வேண்டியவர் ஐந்தரைக்கு வந்தார். கையில் சாக்கு மட்டும் இருந்தது.

"ஃப்ரேம் எங்க மாப்ள?"

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கேட்ல பிடிச்சு வச்சிட்டான் மாமா."

டீ குடித்த செக்யூரிட்டி அன்றைக்கு இல்லை. ஏஜென்சி மாறி, எல்லாம் புது ஆட்கள். புது ஆள் சாக்கைப் பிரித்து, கேட் பாஸ் எங்கே என்று கேட்டிருக்கிறான். இவர் பதறிப்போய், 'இது எங்க மாமா சைக்கிள், வீட்டுலேருந்து கொண்டு வந்தது' என்று சொல்லியிருக்கிறார். கொண்டுவந்ததற்கு என்ட்ரி எங்கே? இல்லை. புது பெயின்ட் யாருடையது? கம்பெனியுடையது. யார் நேரத்தில் அடித்தது? கம்பெனி நேரத்தில். முடிந்தது. எச்.ஆர். வரைக்கும் போய்விட்டது.

"சூப்பர்வைசர் ஒரு வழி சொல்லுதாரு மாமா," என்றார். "கலர் மாத்தும்போது, சரியா வருதான்னு பாக்க, ஸ்கிராப்லேருந்து ஏதாவது இரும்ப எடுத்துத் தொங்கவிடுவோம். ட்ரையல் பீஸ்னு சொல்லுவோம். இதயும் ட்ரையல் பீஸ்னு எழுதிருதேன், ஸ்கிராப் யார்டுக்குக் கொண்டு போகும்போது கேட்ல மாட்டிக்கிட்டான்னு சொல்லிருதேன்னாரு. ஆனா நான்தான் வாய வச்சிக்கிட்டு இருக்காம ஒங்க பேரச் சொல்லிட்டேன்லா. அதான் ஒங்களக் கூப்பிட்டுக் கேக்கணும்ங்காங்க. நாளைக்குக் காலைல."

"கேட்டா?"

"ஒங்களுது இல்லன்னு சொல்லணும்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. 'டேய்' என்று தொண்டை வரைக்கும் வந்தது. மகள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். விழுங்கினேன். அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் சோற்றுக்கட்டி மாதிரி நின்றது.

"ஏன் மாப்ள, செக்யூரிட்டி கேட்டா சித்த நேரம் கம்முனு இருக்கக் கூடாதா?" என்றேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

"அவரு பயந்துட்டாருப்பா," என்றாள் மகள். "ஏழு வருஷம்பா. இப்ப வெளிய அனுப்பினா வேற எந்தக் கம்பெனிலயும் எடுக்க மாட்டாங்க. திருட்டுக் கேசுன்னு எழுதிடுவாங்க. ஒரு சைக்கிளுக்காகவா?"

"ஒரு சைக்கிளாம்," என்றேன். எழுந்து வெளியே போய்விட்டேன்.

என்னுடைய கேட்டில் ஒரு ஆளை நான் பிடித்திருக்கிறேன். சாப்பாட்டு டப்பாவுக்குள் இரண்டு ஜோடி கையுறை வைத்திருந்தான். துணிக் கையுறை, அதிலும் பழையது. வீட்டில் பெண்சாதி செங்கல் சூளையில் வேலை செய்கிறாள், கை கொப்பளிக்கிறது என்றான். நான் ஆபீஸில் காட்டிக் கொடுத்தேன். வேலை போயிற்று. எனக்கு ஆபீஸில் ஒரு பாக்கெட் ஸ்வீட் கொடுத்தார்கள். அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன், என் வேலை அது. ஆனால் ஃப்ரேம் பிடிபட்ட அந்தச் சாயங்காலம் முழுக்க அவன் முகம் என் முன்னால் வந்து வந்து போயிற்று. அவன் மேலும் கோபம் வந்தது. எதற்கு இப்போது வருகிறான்?

காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். மருமகன் கூட வரக் கூடாதாம். செக்யூரிட்டி ரூமில் எச்.ஆர். பொண்ணு ஒன்று, என் மகள் வயசு இருக்கும், லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தது. புது செக்யூரிட்டி ஆள் வாசலில் நின்றான். ஃப்ரேமைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

மயில்கழுத்து நீலம். நான் அப்படி ஒரு நீலத்தை சைக்கிளில் பார்த்ததே இல்லை. டியூப்லைட் அதில் நீளமாக ஓடியது. எனக்குக் கண் கலங்கியது என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனதும் கலக்கம் எல்லாம் போய்விட்டது. மரையை மூடவில்லை! பெடல் அச்சுக் குழாயின் இரண்டு பக்கமும், பன்னிரண்டு நாள் பாடுபட்டுப் பழுதில்லாமல் காப்பாற்றிய மரை மேல், வெல்லப்பாகு ஊற்றின மாதிரி பெயின்ட் படிந்து வெந்து இறுகியிருந்தது. ஹேண்டில் கழுத்துக்குள்ளும் அப்படியே. ஒரு துண்டு டேப் ஒட்ட மனசு வரவில்லை. கார் செய்கிறார்களாம் கார்.

"உக்காருங்க அய்யா," என்றது அந்தப் பொண்ணு. "உங்க மருமகன் முதல்ல இது உங்க சைக்கிள்னு சொல்லியிருக்கார். அப்புறம் இல்லன்னு சொல்றார். நீங்க சொல்லுங்க. இது உங்களோடதா?"

"இல்லம்மா."

"நல்லா பாத்து சொல்லுங்க."

"நல்லா பாத்துட்டேம்மா. என்னுதா இருந்தா, மரைய மூடாம பெயின்ட் அடிக்க வுட்டிருப்பனா?"

"எந்த மரை?"

எழுந்து போய்க் காட்டினேன். வாய் நிற்கவில்லை. "இதோ பாரும்மா. இங்க பெயின்ட் போவலாமா? இனிமே இதுல மூடி எறங்குமா? வலது பக்கம் வேற தலைகீழ் மரை. இத்த சுரண்டி எடுக்கணும்னா ஒரு மாசம் ஆவும். இன்னா வேல செய்றீங்க நீங்கல்லாம்?"

அந்தப் பொண்ணு செக்யூரிட்டியைப் பார்த்தது. அவன் மீசையைத் தடவிக்கொண்டான்.

"இன்னா பெருசு, ஒன்னுது இல்லன்ற, ஜாதகமே சொல்றியே?"

பதினைந்து வருஷம் நான் அவன் நின்ற இடத்தில் நின்றிருக்கிறேன். அவன் கண் எப்படிப் பார்க்கிறது என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தால் விட்டிருக்கமாட்டேன்.

"சைக்கிள்னா எல்லாத்துக்கும் அங்கதாம்பா மரை," என்றேன். "ஒனக்கு ரெண்டு காது எங்க கீதுன்னு கேட்டா, ஒன்ன பாக்காமயே சொல்லுவேன். அதுக்கு நீ என் புள்ளையா?"

அந்தப் பொண்ணு சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டச்சு செய்தது. காகிதம் வந்தது. படித்துக் காட்டச் சொன்னேன். சம்பந்தமில்லை, உரிமை கோரமாட்டேன் என்றெல்லாம் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பேனாவை வைத்ததும் அவள் அவனிடம் சொன்னாள்: "ட்ரையல் பீஸ்னா ஸ்கிராப்தானே. வழக்கம்போல கட் பண்ணிட்டு யார்டுல போட்டுடுங்க."

ஸ்கிராப்பை வெட்டித்தான் வெளியே விடுவார்கள். அப்படியே விட்டால் எவனாவது எடுத்து மறுபடி பயன்படுத்திவிடுவானாம். எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான். என் கம்பெனியில் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த மிஷின் இரும்பைத் தொடும்போது வருகிற சத்தம் எனக்குத் தெரியும். அதனால், வயசான ஆள் எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக கேட்டைத் தாண்டி வந்தேன். எதிரே டீக்கடையில் பாட்டு போட்டிருந்தார்கள். "இன்னும் சத்தமா வைய்யி" என்றேன். கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

மூன்று வாரம் வீட்டில் பேச்சே இல்லை என்று சொல்லமாட்டேன், பேச்சு இருந்தது. "சாப்புடுங்க மாப்ள." "ஃபேன் போட்டுக்கங்க மாப்ள." நான் அதைச் சொல்கிற விதத்தில் அவர் தட்டில் கை வைக்கவே பயப்படுவார். மரியாதை எவ்வளவு கொடுமை செய்யும் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு சக்கரம், ஹேண்டில், சீட்டு, புது டயர் எல்லாம் என் கட்டிலைச் சுற்றிக் கிடந்தன. மகள் எடுத்துப் பரணில் வைக்கட்டுமா என்று கேட்டாள். கையை வெட்டுவேன் என்றேன். அவளை 'டி' போடலாம், அதனால் அவள் புருஷனுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து அவள் வாங்கிக்கொண்டாள். அவளும் சும்மா இருக்கவில்லை. "நீயுந்தான சாக்குல கட்டிக் குடுத்த?" என்று ஒருநாள் கேட்டாள். கேட்டது நியாயம். நியாயமாக இருந்ததால் இன்னும் கோபம்.

லிஸ்ட் வந்தது. அவர் பெயர் இருந்தது. ஆர்டர் காகிதத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, காலைத் தொட்டார். அந்த ஒரு காகிதத்துக்கு அவர் ஏழு வருஷம் கொடுத்திருக்கிறார். நான் கொடுத்தது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியும். "நல்லா இருங்க மாப்ள" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஆனால் கோபம் போகவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தது, கோபம் இன்னொரு பக்கம் உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், ரூமுக்குப் புதிதாக வந்த ஒரு பையன், அவனும் மருமகன் கம்பெனிதான், ஷிஃப்ட் முடிந்து எரிந்துகொண்டு வந்தான். மருமகன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாபா, மூஞ்சி கடுகடுன்னு கீது?"

"பெறவு என்ன தாத்தா! எவனோ ஒரு கூறுகெட்ட பய வீட்டுச் சைக்கிள உள்ள கொண்டுபோயி பெயின்ட் அடிச்சிருக்கான். ட்ரையல் பீசுன்னு எழுதி மூடிட்டானுவளாம். இப்ப என்னடான்னா, உள்ள போற பையயும் செக் பண்ணுதானுவ. சோத்து வாளியத் திறந்து காட்டணுமாம். அரை மணி நேரம் வெயில்ல நிக்கோம். லேட்டுன்னு சம்பளத்துல வேற பிடிக்கான்."

குழாயடியில் மருமகன் குனிந்தவர் நிமிரவில்லை.

"யாருன்னு தெரியுமா?" என்றேன்.

"தெரியல. தெரிஞ்சா நாங்க நாலு பேரு சேந்து மொத்திருவோம்."

எனக்குள் ஏதோ கழன்றது. எழுந்து நின்றுவிட்டேன்.

"டேய்!" என்றேன். அந்தப் பையன் பயந்து பின்னால் போனான். "ஒன்ன இல்லடா. அவன சொல்றேன். டேய், அறிவு கெட்டவனே! ஏழு வருஷமா அதே கேட்ல போயி வரியே, சீட்டு வாங்கணும்னு ஒனக்குத் தெரியாது? டீ வாங்கிக் குடுத்தா செக்யூரிட்டி ஒனக்குப் பங்காளியாயிடுவானா? புடிச்சா வாய மூடிகினு நிக்க வேணாம்? மூஞ்சியப் பாரு! ஒரு டேப்பு ஒட்ட நேரமில்ல, ஒனக்கெல்லாம் பெயின்ட் ஷாப்பு!"

"ஏழு வருசம்னு உமக்கு யாரு சொன்னா தாத்தா?"

"இவ்ளோ தைரியம் புதுசா வந்தவனுக்கு வருமாடா?" என்றேன். நிறுத்த முடியவில்லை. "அவன வுடு. அவன் சின்னப் பையன். அத்தக் குடுத்து அனுப்பிச்சான் பாரு ஒரு கெயவன், அவன் இன்னா மனுஷன்? நரைச்ச தலைக்கு நீலக் கலர் கேக்குதா? கேட்ட பத்தி அவனுக்குத் தெரியாதா? சாக்குல கட்டிக் குடுத்திருப்பான், திருட்டுப் பய! அவனத்தான் மொதல்ல மொத்தணும்!"

"கெழவன்னு எப்படித் தெரியும்?"

"பழைய சைக்கிள வெச்சிகினு இருக்கறவன் கெயவனாத்தான்டா இருப்பான்!"

மகள் உள்ளேயிருந்து ஓடி வந்து, என்னைப் பார்த்தாள், குழாயடியைப் பார்த்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பையன் ஒன்றும் புரியாமல் நின்றான். மருமகன் குழாயை மூடினார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைக்காமலேயே என்னைப் பார்த்தார்.

"நல்லாக் கேளுங்க மாமா," என்றார். "அந்தப் பயல இன்னும் நாலு வார்த்த கேளுங்க."

கேட்டேன்.